வயர்லெஸ் அடாப்டருக்கு ‘அலையுறுப்பு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘மடிக்கணினியில் வயர்லெஸ் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி’ என்ற உதவிப் பக்கத்தைத் தமிழாக்கும்போது ‘வயர்லெஸ் அடாப்டர்’ (கணினியை வைஃபையோடு இணைக்கும் சாதனம்) வந்த இடத்தில் நின்றுவிட்டேன். இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த கம்பியில்லா அட்டை, அருகலைத் தகவி (அருகலை என்றால் வைஃபை), அலையிணைப்பி ஆகிய மூன்றையும் அந்தப் பக்கத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் இடறுகிறது.

இது வெறும் சொல் அழகு பற்றிய கவலை அல்ல. எனக்குத் தெரிந்த ஒருவரின் கணினியில் ‘கம்பியில்லா வசதி இல்லை’ என்று தமிழில் ஒரு செய்தி வந்தது. உள்ளே அந்தச் சாதனமே கிடையாது என்று நினைத்து, யுஎஸ்பியில் செருகும் வைஃபை குச்சி ஒன்றை வாங்கிவிட்டார். அப்புறம் திறந்து பார்த்தால் சாதனம் நன்றாகவே இருந்தது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியபோது இயக்கி (சாதனத்தை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள், டிரைவர்) விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். செய்தியை மொழிபெயர்த்தவர் ‘வசதி’ என்று எழுதியதில் பொருளும் போச்சு, அவர் பணமும் போச்சு.

‘வைஃபை வரவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பின்னால் மூன்று நிலைகள் இருக்கலாம். ஒன்று, சாதனமே இல்லை; இரண்டு, சாதனம் உண்டு, ஆனால் இயக்கி இல்லை; மூன்று, இரண்டும் உண்டு, ஆனால் அணைத்து வைத்திருக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற பிரிவில் வயர்லெஸ் என்றோ வைஃபை என்றோ 802.11 (வைஃபையின் தர எண்) என்றோ ஒரு வரி இருந்தால் முதல் நிலை இல்லை என்று உறுதி. அங்கே இல்லாமல், ‘பிற சாதனங்கள்’ பிரிவில் மஞ்சள் குறியோடு பெயர் தெரியாத ஒன்று கிடந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் நிலை. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை இன்னும் நேர்மையானது. இயக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிசிஐ தடத்தில் (உள் சாதனங்களைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் வழி) இருப்பதைக் காட்டிவிடும். அதோடு கே (-k) என்ற விருப்பக்குறியைச் சேர்த்தால் எந்த இயக்கி அதைக் கையில் வைத்திருக்கிறது என்பதும் தெரியும். மூன்றாம் நிலைக்கு ஆர்எஃப்கில் (rfkill) கட்டளை. மென்பொருளால் அணைத்ததையும், பக்கவாட்டுப் பொத்தானால் அணைத்ததையும் தனித்தனியே சொல்லும். பயாஸில் (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) அணைத்திருந்தால் மட்டும் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் தலைகாட்டாது. அதற்கு உதவிப் பக்கத்தில் தனிக் குறிப்பு எழுதியாக வேண்டும்.

ஆகவே நாம் தேடும் சொல் இந்த மூன்று நிலைகளையும் பிரித்துச் சொல்ல உதவ வேண்டும். என் அளவுகோல் இது ஒன்றுதான்.

‘அட்டை’ ஒரு காலத்துக்குப் பொருந்தியது. பக்கவாட்டுத் துளையில் பிசி கார்டைச் செருகிய நாட்களில் அது உண்மையிலேயே அட்டைதான். 2003இல் இன்டெல் தன் சென்ட்ரினோ வரிசையில் செயலி, சில்லுத் தொகுதி (சிப்செட்), வைஃபை மூன்றையும் சேர்த்தே கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்த அட்டை மடிக்கணினியின் வயிற்றுக்குள் போய்விட்டது. இன்று பல மெல்லிய கணினிகளில் தாய்ப்பலகையோடு பற்றவைத்தே வருகிறது. இன்டெலின் புதிய அமைப்பு ஒன்றில் பாதி வேலை சில்லுத் தொகுதிக்குள்ளேயே நடக்கிறது, வானலைப் பகுதி மட்டும் வெளியே தனித் துண்டாக நிற்கிறது. இதில் எதை அட்டை என்று காட்டுவது? பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பவர் அட்டையைத் தேடி, காணாமல், ‘இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்.

‘தகவி’ எனக்குப் பிடித்த சொல். உயிரியலில் தகவமைப்பு என்று படித்தவர்களுக்கு வேர் பிடிபடும். ஆனால் பேச்சில் ‘லேப்டாப் அடாப்டர்’ என்றால் யாரும் வைஃபையை நினைப்பதில்லை, சார்ஜரைத்தான் நினைக்கிறார்கள். மூலச்சொல்லே நம்மிடையே வேறு பொருளுக்குக் குடிபோன பிறகு, அதன் நேர்ப்பெயர்ப்பைக் கொண்டுவந்தால் குழப்பமும் கூடவே வரும்.

‘அலையிணைப்பி’யை முன்மொழிந்தவன் நானே. அலைபேசி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் இயல்பாகத் தெரிந்தது. நேற்று ஒரு நண்பர் இங்கே எழுதிய ஒரே வரி என் மனத்தை மாற்றிவிட்டது: ‘இணைப்பு இல்லை, இணைப்பி இல்லை, இரண்டையும் திரையில் வேகமாகப் படித்துப் பாருங்கள்.’ முழுக்கச் சரி. ஓர் எழுத்தில் இணைப்பு அறுந்ததும் சாதனம் இல்லாததும் ஒன்றாகத் தெரிகிறது. வேறு எங்காவது பொறுக்கலாம், இந்தப் பக்கத்தில் பொறுக்க முடியாது. அந்த முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.

அதற்குப் பதிலாக அலையுறுப்பு என்பதை வைக்கிறேன். வைஃபையை மட்டும் குறிக்க வேண்டுமென்றால் அருகலையுறுப்பு.

உறுப்பு என்றதும் உடல்தான் நினைவுக்கு வரும் என்பது தெரியும். அதனால்தான் இந்தச் சொல்லை எடுத்தேன். கண்ணே இல்லாதது, கண் இருந்தும் பார்வை இல்லாதது, கண்ணை மூடியிருப்பது என்ற மூன்றையும் தமிழ் பேசுகிற குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும். சாதனம், இயக்கி, பொத்தான் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு இதே வேறுபாடுதான், அதை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. தவிர, உறுப்பு உடலுக்கு மட்டும் உரிய சொல்லும் அல்ல. பகுதி, விகுதி, இடைநிலை என்று பள்ளியில் படித்த ஆறும் பகுபத உறுப்புகள். கணக்குப் பாடத்தில் கணத்துக்கும் உறுப்புகள் உண்டு. முழுமை ஒன்றுக்குள் அமைந்து தன் வேலையைச் செய்யும் பகுதி என்ற பொருள் பழையது. அட்டையாக இருந்தாலும் பற்றவைத்த சில்லாக இருந்தாலும் பொருந்தும்.

‘கருவி’ போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அருகலைக் கருவி என்றால் சுவரில் மாட்டியிருக்கும் திசைவியைத்தான் (ரவுட்டர்) பலரும் நினைப்பார்கள். உறுப்பு என்றால் கணினிக்கு உள்ளே தேடுவார்கள்.

குறையும் ஒன்று இருக்கிறது. யுஎஸ்பி குச்சி வெளியே செருகுவது, கழற்றக்கூடியது. அதைச் ‘செருகு அலையுறுப்பு’ என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஆனால் ஓசை இன்னும் எனக்கு நிறைவாக இல்லை. இதற்கு யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.

பக்கத்தில் வரப்போகும் செய்திகள் இவை:

இக்கணினியில் அலையுறுப்பு இல்லை.
அலையுறுப்பு உள்ளது, அதற்கான இயக்கி நிறுவப்படவில்லை.
அலையுறுப்பு அணைக்கப்பட்டுள்ளது. பொத்தானை அழுத்தி இயக்கவும்.
அலையுறுப்பு இயங்குகிறது, அருகில் வலையமைப்பு எதுவும் கிடைக்கவில்லை.

கடைசி வரியில் ‘கிடைக்கவில்லை’யா ‘தென்படவில்லை’யா என்பதில் எனக்குத் தயக்கம். கணினியே தெரியாத ஒருவரிடம் இந்த நான்கையும் வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன செய்வார் என்று கேட்டு எழுத முடியுமா? அவர் இரண்டாவது செய்தியைக் கேட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பினால் இந்தச் சொல்லையும் கைவிட்டுவிடுவேன்.

அன்புடன்.