பூட்டிக் கிடந்த வீட்டின் முன்புறப் புல்தரை: விதை தூவி மீட்க முடியுமா?

லயத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் நாங்கள் வாழ்ந்த தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசைவீட்டை) விட்டு வெளியேறியபோது அப்பா தம் சேமநிதிப் பணத்தில் வாங்கிய முனைவீடு, அவர் காலமான பிறகு ஏழு ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. இவ்வாண்டு ஏப்ரலில் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கேயே மீண்டும் குடிவந்துவிட்டேன். வீட்டுக்குள் இருந்த பழுதுகளை ஒருவாறு சரிசெய்தாயிற்று. முன்புற நிலம்தான் மலைப்பாக இருக்கிறது. அகலம் 20 அடி, நீளம் 25 அடி. ஒரு மூலையில் அப்பா நட்ட மாமரம் நிற்பதால், மூன்றில் ஒரு பங்கு இடத்தில் பெரும்பாலும் நிழல். மற்ற இடத்தில் காலை முதல் பிற்பகல் வரை நல்ல வெயில். கோரையும் தொட்டாச்சிணுங்கியும் வேலியோரம் லாலாங் என்னும் முரட்டுப் புல்லும் மண்டியிருக்கின்றன. காற்சட்டையில் குத்திக்கொண்டு வரும் ஒட்டுப்புல்லும் உண்டு.

மே மாத இறுதியில் ஓரிடத்தை மட்டும் கொத்திச் சீராக்கி, “வெயிலுக்கும் நிழலுக்கும் ஏற்றது” என்று அட்டையில் அச்சிட்டிருந்த புல்விதைப் பொட்டலம் ஒன்றை இணையத்தில் வாங்கித் தூவினேன். ஆறாம் நாளே ஊசி ஊசியாய் முளைத்துவிட்டது. அம்மா தினமும் காலையில் தேநீர்க் குவளையோடு வந்து அதன் அருகில் நின்று பார்ப்பார்கள். மூன்றாம் வாரத்தில் நுனியிலிருந்து மஞ்சளித்து, ஓர் இரவு பெய்த மழைக்குப் பிறகு வெந்த கீரையைப் போல் தரையோடு படிந்துவிட்டது. பொட்டலத்தின் பின்புறத்தில் ரைகிராஸ், ஃபெஸ்கியூ, கென்டக்கி புளூகிராஸ் என்ற பெயர்கள் இருக்கின்றன.

தைப்பொங்கலுக்கு அம்மா வாசலில் பானை வைக்கும்போது முன்புறம் பச்சையாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இப்போது ஜூலை நடுப்பகுதி. அதே விதையை இன்னும் அடர்த்தியாகத் தூவலாமா, அல்லது விதை என்ற எண்ணத்தையே விட்டுவிட்டுக் கார்ப்பெட் புல்லை (மண்ணோடு பாளமாக வெட்டி விற்கும் புல்லை) விலைக்கு வாங்கிப் பதிக்க வேண்டுமா?

பழைய கண்டக்டர் (தைப்பிங்)

தம்பி, நீங்கள் வாங்கியது குளிர்நாட்டு விதை. அந்த மூன்று புற்களும் ஏறத்தாழ 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில்தான் செழிக்கும். கேமரன் மலையில் யாராவது தூவினால் நிற்கக்கூடும். சுங்கை சிப்புட்டில் இரவிலும் வெக்கை தணியாது; ஈரமும் சேரும்போது பூஞ்சணம் பிடித்து ஒரே இரவில் சாய்ந்துவிடும். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. ஆகையால் அதே விதையை மறுபடியும் தூவ வேண்டாம்.

எந்தப் புல் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மண்ணைப் பாருங்கள். நான் தோட்டத்தில் கண்டக்டராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக, ரப்பரிலும் பிறகு செம்பனையிலுமாக (எண்ணெய்ப் பனை) வேலை பார்த்தவன். மறுநடவு செய்யும் ஒவ்வொரு முறையும் கன்றுக்கு முன்னால் நிலத்தைத்தான் தயார் செய்வோம். வெயில்படும் இடத்தில் ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி, அது வடிந்தபின் இரண்டாம் முறையும் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கவனியுங்கள். சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் நல்லது. மறுநாள் காலைவரை தேங்கி நின்றால், வீடு கட்டும்போது இறுக்கிய மண் இன்னும் இறுகியபடியே இருக்கிறது என்று பொருள். அதன்மேல் எந்தப் புல்லும் வேரை மேலேயே பரப்பி, ஒரு வாரம் வெயில் அடித்தால் காய்ந்துபோகும். தேங்கிய தண்ணீரில் கொசுவும் முட்டையிடும்.

களையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். கோரையை மண்வெட்டியால் கொத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். மண்ணுக்குள் அதன் கிழங்குகள் சரம்போல் ஒன்றோடொன்று கோத்திருக்கும். கொத்தும்போது சரம் அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாக எழும்பும். லாலாங்கின் வெள்ளைத் தண்டும் அப்படித்தான், விரல்நீளத் துண்டு போதும். எனவே அவை பச்சையாக, இலை விரிந்து நிற்கும்போதே கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி மருந்தைப் புட்டியில் குறித்திருக்கும் அளவில் கலந்து, காற்றில்லாத காலையில் இலை நனையும்படி அடியுங்கள். அடித்தபின் ஆறு மணி நேரமாவது மழை பெய்யக் கூடாது. மருந்து இலைவழியாகக் கிழங்குவரை இறங்க இரண்டு வாரங்கள் விட்டுவைத்து, அதன்பிறகு கொத்துங்கள். மாமரத்தின் அடியில் கிளம்பியிருக்கும் இளந்துளிரின்மீது மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொத்திச் சமன் செய்ததும் விதைத்துவிடாதீர்கள். வெறும் நிலத்துக்கே பத்து நாள் தண்ணீர் ஊற்றுங்கள். புதைந்திருந்த களை விதைகள் முளைத்து வரும். அவற்றை மேலாக மட்டும் சுரண்டி அழியுங்கள். கோரை மீண்டும் தலைகாட்டினால் சுரண்டாமல், அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி மருந்து வையுங்கள். இப்படி இரண்டு முறை செய்வது நல்லது. தொட்டாச்சிணுங்கியின் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதால் அதை இரண்டு சுற்றில் முற்றாக ஒழிக்க முடியாது, ஆனால் புதுப்புல்லை முந்திக்கொண்டு எழாது.

இன்னொன்று, யாராவது பழைய கொட்டகையில் கிடந்த பாராகுவாட் களைக்கொல்லியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதன் ஒரு வாய் மருந்து உயிரைக் குடிப்பதைத் தோட்டங்களில் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆசிரியை (கோலகங்சார்)

லயத்துப்பிள்ளை, கண்டக்டர் ஐயா சொன்ன பொறுமை எனக்கு இல்லாமற்போனதால் இரண்டு முறை பணத்தை இழந்தேன். நீங்களும் அதே வழியில் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் தவறு, லோரியில் வந்த மேல்மண்ணைப் பார்க்காமல் இறக்கியது. கறுப்பாக இருந்ததால் வளமான மண் என்று நம்பினேன். பரப்பிய பத்தாம் நாள் நிலம் முழுவதும் கோரை, என் வீட்டில் அதற்கு முன் கோரையே இருந்ததில்லை. மண் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இறக்கும் முன் இரண்டு கை அள்ளிச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். கறுத்த, நிலக்கடலைப் பருப்பைவிடச் சிறிய கிழங்குகள் தெரிந்தால் லோரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் மண்ணையே சீர்படுத்திக்கொள்ள முடியுமானால் அதைவிட மேலானது வேறில்லை.

இரண்டாவது முறை பெர்மூடா (அருகம்புல் இனம்) விதை தூவினேன். கசகசாவைப்போல் மிகச் சிறிய விதை அது. மறுநாள் காலையில் வாசல் கால்வாயின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தபோது, எறும்புகள் வரிசையாக ஆளுக்கொரு விதையைத் தூக்கிக்கொண்டு சிமெண்டு வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. வெடிப்பின் வாயில் விதை ஒரு தேக்கரண்டி அளவுக்குக் குவிந்திருந்தது. எஞ்சியதை அன்று மாலை மழை ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போய்விட்டது. நான் விதைத்தது அக்டோபர் கடைசியில், பிற்பகல்தோறும் இடியும் மழையும் வரும் காலத்தில்.

அடுத்த ஆண்டு விதைத்ததும் வாரியின் முதுகால் மெல்லத் தட்டி மண்ணோடு ஒட்டவைத்து, பாகான் செராயிலிருந்து ஓர் உறவினர் கொண்டுவந்த நெல் வைக்கோலை மண் பாதி தெரியும்படி மிக மெல்லியதாகப் பரப்பினேன். வைக்கோலில் தங்கியிருந்த நெல் சில முளைத்தது உண்மைதான். அதைப் பிடுங்குவது எளிது. மழை அடித்தும் விதை நகரவில்லை. எறும்புப் புற்றுகளை மட்டும் விதைப்பதற்கு முன்பே கவனித்துவிடுங்கள்.

நாற்றுப்பண்ணை (ஈப்போ)

வணக்கம். உங்கள் நிலத்தை இரண்டு நிலமாகவே கருதுங்கள். வெயிலில் ஒரு புல், மரநிழலில் வேறொரு புல். ஒரே விதையை இரண்டுக்கும் தூவுவதால்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது.

வெயில்படும் பகுதிக்கு விதையால் உண்டாக்கக்கூடியவற்றில் பெர்மூடாதான் நம் வெப்பத்துக்கு ஏற்றது. நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் நேர்வெயில் வேண்டும், நிழலில் இளைத்துவிடும். மேல்தோல் நீக்கிய விதை ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் முளைக்கும். சோய்சியா என்னும் ஜப்பான் புல்லின் விதையும் கிடைக்கிறது. ஆனால் முளைக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும், தரை மூட ஓராண்டுகூடப் பிடிக்கும். பொங்கலை எண்ணியிருக்கும் உங்களுக்கு அது ஒத்துவராது.

மாமரத்தடிக்கு, மாட்டுப்புல் என்று நாம் சொல்லும் அகல இலைப் புல்லையே வையுங்கள். அமில மண்ணையும் ஓரளவு நிழலையும் தாங்கும். இதற்கு விதையைத் தேடி அலைய வேண்டாம், பணம் கொடுத்துக் கார்ப்பெட்டாகவும் வாங்க வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் கேட்டு ஒரு சாக்கு எடுத்துவந்து, இரண்டு மூன்று கணு உள்ள தண்டுகளாகப் பிரித்து, அரைச்சாண் இடைவெளியில் ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால், இரண்டு மூன்று மாதத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். உங்கள் நிழல் பகுதிக்கு ஏறத்தாழ 1,200 தண்டுகள் பிடிக்கும். மலைக்காதீர்கள், இருவர் உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை. வேர் அறுபடும் என்பதால் மரத்தடியில் ஆழக் கொத்தாமல் இரண்டு அங்குலம் மட்டும் கிளறுங்கள்.

வெயில் பகுதி சுமார் 320 சதுர அடி, அதாவது 30 சதுர மீட்டர். அங்கே ஆறு அங்குல ஆழம் கொத்தி, நன்றாக மக்கிய செம்பனை வெற்றுக்குலை (பழம் உதிர்த்தபின் எஞ்சும் குலை) எருவை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பிக் கலந்துவிடுங்கள். மக்காத குலையை மண்ணுக்குள் கலந்தால் அது மக்குவதற்காகத் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகிவிடும். களிமண்ணில் கொஞ்சமாக மணல் கலப்பதும் வேண்டாம், காய்ந்தால் செங்கல்போல் இறுகும்.

நம் செம்மண் பெரும்பாலும் அமிலமாக இருக்கும். பிஎச் அளவு (ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்) நான்குக்கும் ஐந்துக்கும் இடைப்பட்டிருப்பது வழக்கம். பெர்மூடாவுக்கு ஆறுக்குமேல் வேண்டும். சோதனைத் தாளால் அளந்து பார்த்துவிட்டு, குறைவாக இருக்கும் இடத்தில் மட்டும் சதுர மீட்டருக்கு 150 கிராம் வீதம் சுண்ணாம்புத்தூள் கலந்து, இரண்டு வாரம் கழித்து 15-15-15 என்று மூட்டையில் குறித்த பச்சைநிறக் கலப்பு உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) 30 கிராம் வீதம் இடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் தழைச்சத்து ஆவியாகிப் போகும்.

விதை சதுர மீட்டருக்கு 8 கிராம், மொத்தம் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதைக் காய்ந்த மணலோடு கலந்து, பாதியை வடக்கு தெற்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் வீசினால் திட்டுத்திட்டாக விழாது. கால் அங்குலத்துக்கு மேல் புதையக் கூடாது. கண்டக்டர் ஐயா சொன்ன இரண்டு சுற்றுக் களையெடுப்பையும் கணக்கிட்டால், செப்டம்பர் முதல் வாரத்தில் விதைக்கலாம். அக்டோபர் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். முளைக்கும்வரை நாளுக்கு மூன்று நான்கு முறை, பூவாளியால் மேல்மண் ஈரமாகும் அளவுக்கு மட்டும் நீர் விடுங்கள்.

லயத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட்)

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. நேற்று மாலை குழி தோண்டினேன். அரை அடிக்குக் கீழே உடைந்த ஓடும் சிமெண்டுக் கட்டியும் கிழிந்த சிமெண்டுச் சாக்கும் வந்தன. ஆறு மணிக்கு இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் இன்று காலை ஏழு மணிக்கும் பாதிக் குழி நின்றது. மண் புளித்த வாடை அடித்தது. சுவரோரம் பிஎச் ஏழரை, நடுவில் ஐந்து, மாமரத்தடியில் ஐந்துக்கும் சற்றுக் கீழே. ஒரே வாசலில் இத்தனை வேறுபாடு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இன்னும் ஓர் ஐயம். பெர்மூடா பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்துவிடும் என்கிறார்களே, அம்மாவின் செம்பருத்திப் பாத்தி என்னாகும்?

நாற்றுப்பண்ணை (ஈப்போ)

நுழையும். மண்ணுக்கு மேலேயும் கீழேயும் ஓடும் புல் அது. பாத்தியின் விளிம்பில் செங்கல்லை ஆறு அங்குலம் மண்ணுக்குள் போகும்படி நெட்டாகப் புதைத்துவிட்டு, தாண்டிவரும் தண்டை மாதம் ஒருமுறை நறுக்கிவிடுங்கள். மாமரத்தடி மாட்டுப்புல்லை நிழலே காத்துக்கொள்ளும்.

சுவரோரத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாம். சிமெண்டே அந்த வேலையைச் செய்திருக்கிறது. ஓட்டையும் கட்டியையும் பொறுக்கி எடுத்தபின், நிலம் வீட்டிலிருந்து கால்வாய் நோக்கி 25 அடிக்கு நான்கு அங்குலம் சரியும்படி மட்டம் பிடியுங்கள். நீர் தேங்குவது அதிலேயே பெருமளவு குறையும்.

முதல் வெட்டுக்கு, நைலான் கயிறு சுழலும் தோள் இயந்திரத்தைக் கொண்டுவர விடாதீர்கள். இளநாற்றை வேரோடு பிய்த்துவிடும். இரண்டு அங்குலம் வளர்ந்ததும், தீட்டிய தகடுள்ள தள்ளு இயந்திரத்தால் மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டுங்கள்.

ஆசிரியை (கோலகங்சார்)

ஒன்றை மறந்துவிட்டோம். பொங்கலடுப்பின் சூடு பட்ட இடத்தில் பெர்மூடா பிறகு தழைத்துவரும் என்றாலும், சில வாரங்கள் கருகலாகத் தெரியும். மட்டம் பிடிக்கும்போதே வாயிலின் கிழக்குப் பக்கத்தில் நான்கடிச் சதுரம் ஒன்றை விட்டுவைத்து, தோண்டியெடுத்த ஓட்டுத்துண்டுகளையே அடியில் பரப்பிச் செங்கல் பாவிவிடுங்கள். அம்மா எந்தப் பக்கம் பார்த்துப் பானை வைப்பார்கள் என்பதை அவர்களிடமே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.