எந்த பைபிள் வாங்கலாம்? எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சனிக்கிழமை

குழு: பசுமலை – நம்ம தெரு

மாலை 6:41 – நான்
எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும். காலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதமான ரோமர் நிருபத்தை ஒழுங்காகப் படிக்கலாம் என்று இருக்கிறேன். அம்மாவின் பைபிள் தையல் விட்டுத் தாள் தாளாகக் கையோடு வருகிறது. இன்றைக்குக் கடைக்குப் போனால் நாலைந்து மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது என்று தெரியாமல் வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

6:43 – பெரியப்பா
இதில் யோசிக்க என்னம்மா இருக்கிறது? பழைய பைபிள்தான்.

6:44 – கடைசி வீட்டு அக்கா
தண்ணீர் லாரி இன்றைக்கா, நாளைக்கா?

6:46 – சித்தி
அத்தான் அப்படித்தான் சொல்வார். பாப்பா, நீ திருவிவிலியம் வாங்கு. பொது மொழிபெயர்ப்பு. வாசித்தால் புரியும். நான் கல்யாணமாகி இந்தக் கத்தோலிக்கப் பக்கம் வந்தபிறகுதான் பவுல் என்ன சொல்கிறார் என்றே எனக்குப் புரிந்தது.

6:47 – பெரியப்பா
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

6:49 – பெரியப்பா
புரிவது முக்கியம்தான். ஆனால் மனதில் நிற்க வேண்டாமா? "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." இதைச் சொல்லித்தான் உங்கள் பெரியம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பினேன். அந்த நேரத்தில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று என் வாயில் வருமா?

6:50 – சித்தி
எனக்கு வரும் அத்தான்.

6:52 – நான்
இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள். எனக்கு இருக்கிற சிக்கலைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. சங்கீதம் 127-இல் "பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்று வருகிறது இல்லையா? நம் வீட்டு ஞானஸ்நான அழைப்பிதழ் எல்லாவற்றிலும் அதைத்தான் போடுகிறோம். போன மாதம் வரைக்கும் அது விடுதலை என்றுதான் நினைத்திருந்தேன்.

6:53 – சித்தி
பிள்ளை பிறந்தால் சுதந்திரமா! எந்த வீட்டில்?

6:53 – கடைசி வீட்டு அக்கா
எனக்கு இரண்டு பிள்ளைகள். இருந்த சுதந்திரமும் போய்விட்டது.

6:56 – நான்
அதுதானே! ரோமர் 8-லும் "நாம் பிள்ளைகளானால் சுதந்தரருமாமே" என்று வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளையானால் விடுதலை என்று படித்தாலும் ஒரு அர்த்தம் வரத்தான் செய்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. புரியவில்லை என்றால் யாரையாவது கேட்பேன். தப்பாகப் புரிந்தால் எப்படிக் கேட்பேன்?

7:04 – அரசரடி அண்ணன்
இப்போதுதான் பார்த்தேன். நல்ல இடத்தில் நின்றிருக்கிறாய். அங்கே சுதந்தரம் என்றால் வாரிசுரிமை. அந்தச் சங்கீதத்தில் சித்தியின் பைபிள் "பிள்ளைகள் ஆண்டவர் அருளும் செல்வம்" என்று போடும். ரோமரில் "உரிமைப்பேறு" என்ற சொல் வரும்.

7:05 – பெரியப்பா
நீ இறையியல் கல்லூரியில் படித்தவன். நீயே சொல். மூலத்தை மாற்றலாமா?

7:11 – அரசரடி அண்ணன்
பெரியப்பா, நாம் பழைய பைபிள் என்று கையில் வைத்திருப்பதும் ஒரு திருத்தம்தான். தரங்கம்பாடியில் சீகன்பால்க் பாதிரியார் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தது 1715-இல். இந்திய மொழிகளிலேயே அதுதான் முதல். அப்புறம் வேப்பேரியில் பப்ரிசியஸ் வருடக்கணக்கில் உட்கார்ந்து மறுபடி செய்தார். அதற்கும் பிறகு ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு கூடி வேலை பார்த்து, 1871-இல் முழுதாக வந்ததுதான் உங்கள் மேசையில் இருப்பது. அது வந்தபோது லுத்தரன் சபையார் பப்ரிசியஸை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று நின்றார்கள். அன்றைக்கு அவர்கள் சொன்னதைத்தான் இன்றைக்கு நீங்கள் சொல்கிறீர்கள்.

7:12 – சித்தி
அப்படிப் போடு.

7:15 – அரசரடி அண்ணன்
சித்தி, உங்கள் பக்கமும் எளிமை மட்டும் இல்லை. 1995-இல் வந்ததுதான், ஆனால் 1 யோவான் 2:2-ஐ எடுங்கள். பாவப் பரிகாரம் என்பதற்குப் பழையதில் "கிருபாதார பலி". உங்களுடையதில் "கழுவாய்". இரண்டையும் தெருமுனையில் நின்று சொல்லிப் பாருங்கள், யாருக்குப் புரியும்?

7:16 – சித்தி
உண்மைதான். கழுவாய் என்றதும் என் பையன் வாய் கழுவுவதா அம்மா என்று கேட்டான். ஆனால் என் மாமியாருக்கு அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம். கடவுள் என்றால் அவர்களுக்கு இன்றுவரை பழைய கத்தோலிக்கப் பேச்சில் வரும் சர்வேசுரன்தான்.

7:18 – நான்
சித்தி, உங்களுடையது தடியாக இருக்குமே, ஏன்?

7:20 – சித்தி
எங்களுக்கு 73 நூல்கள், உங்களுக்கு 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் சேர்த்து ஏழு கூடுதல். சீராக்கின் ஞானம் ஒன்றையாவது வாசித்துப் பார், நம் ஊர்ப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போலவே இருக்கும்.

7:24 – மாடி வீட்டு மாமா
நான் நடுவில் பேசலாமா? உங்கள் வேத விஷயம். ஆனால் சுதந்தரம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

7:25 – அரசரடி அண்ணன்
தாராளமாகப் பேசுங்கள் மாமா. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் பைபிளை மொழிபெயர்த்தபோது கூட இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். அவரைவிடச் சைவரா நீங்கள்?

7:31 – மாடி வீட்டு மாமா
அப்படியா! சரி. முப்பது வருடம் பத்திரம் எழுதியவன் நான். கிரயப் பத்திரத்தில் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதாமல் நாங்கள் கையெழுத்து வாங்கியதே இல்லை. அந்தச் சுதந்திரம் என்றால் பாத்தியதை. வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கியது இல்லை. எங்கள் சோழவந்தான் பக்கம் அறுவடை முடிந்ததும் களத்தில் ஊர் வேலைக்காரர்களுக்கு அளந்து போடும் நெல்லுக்கும் சுதந்திரம் என்றே பெயர். அவர்கள் அதைக் கையேந்தி வாங்க மாட்டார்கள், உரிமையாக வாங்குவார்கள். உங்கள் புத்தகத்தில் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஊர்தான் வார்த்தையை மறந்துவிட்டது.

7:32 – பெரியப்பா
கேட்டீர்களா எல்லோரும்.

7:34 – நான்
மாமா, இன்னொன்று. இரண்டு வசனம் முன்னால் "புத்திர சுவிகாரத்தின் ஆவி" என்று வருகிறது.

7:38 – மாடி வீட்டு மாமா
சுவிகாரப் பத்திரமும் எழுதியிருக்கிறேனே. தத்து எடுப்பது. பிறந்த வீட்டுப் பாத்தியதை அங்கேயே முடிந்தது. எடுத்த வீட்டில் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு என்ன பங்கோ அதே பங்கு. ஒரு பைசா குறைக்க முடியாது. ஊர் ஆயிரம் பேசட்டும், சட்டம் பேசாது.

7:44 – அரசரடி அண்ணன்
மாமா, ஒரு வகுப்பே எடுத்துவிட்டீர்கள். பவுல் எழுதியது ரோமாபுரிக்காரர்களுக்கு. தத்துப்பிள்ளை சொந்தப் பிள்ளையாகி வாரிசாவது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வழக்கம். அவர் போட்ட கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் மகனாக வைத்தல். பழைய பைபிள் அதை அப்படியே சுவிகாரம் என்று பிடித்திருக்கிறது. பொது மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் "பிள்ளைகளுக்குரிய மனப்பான்மை" என்கிறது. படிக்க இதமாக இருக்கும், ஆனால் தத்து என்கிற சங்கதி கண்ணில் படாது. சித்தி கோபிக்க வேண்டாம், இந்த வசனத்தில் என் ஓட்டு பெரியப்பாவுக்கு.

7:45 – சித்தி
கோபம் இல்லை. ஆனால் பத்திர எழுத்தர் பக்கத்தில் இருந்தால்தான் புரியும் என்றால் மாடி இல்லாத வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்?

7:46 – கடைசி வீட்டு அக்கா
லாரி நாளைக் காலை 6 மணிக்காம். போன் செய்து கேட்டுவிட்டேன். குடங்களை இரவே வெளியே வைக்க வேண்டாம், போன தடவை இரண்டு காணாமல் போனது.

7:52 – அரசரடி அண்ணன்
சித்தி கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. தங்கச்சி, முதல் தடவை ரோமரை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மூச்சில் பொது மொழிபெயர்ப்பில் வாசி. பவுல் ஒரு வாதத்தை இழுத்துக்கொண்டே போவார். பழையதில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் எழுவாய் எங்கே என்று தேட வேண்டிவரும். வாதம் பிடிபட்டதும் ஒரு நாளைக்கு ஐந்தாறு வசனம் வீதம் பழையதில் வாசி. இரண்டும் எங்கே பிரிகிறதோ அங்கே ஒரு கோடு போடு. நீ உட்கார்ந்து படிக்க வேண்டியது அந்தக் கோடு விழுந்த இடங்களைத்தான். அதற்கு 16 அதிகாரமும் வருடம் முழுக்க வரும்.

7:54 – நான்
அப்படியென்றால் இரண்டு வாங்க வேண்டுமா?

7:55 – அரசரடி அண்ணன்
ஒன்று போதும். திருவிவிலியம் வாங்கு. அம்மாவுடையதை பைண்டிங் கடையில் கொடு. ஓரத்தில் அம்மா எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் எந்தப் புதுப் பதிப்பில் கிடைக்கும்? மார்ஜினை வெட்டிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிக் கொடு. போனிலும் பல மொழிபெயர்ப்புகளை அடுத்தடுத்துப் பார்க்கலாம், ஆனால் போனைத் திறந்தால் நீ இந்தக் குழுவுக்குத்தான் வருவாய்.

7:57 – பெரியப்பா
பைண்டிங் செலவு நான் தருகிறேன். சபையில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது பழையதைக் கொண்டு வா, அது போதும்.

8:02 – மாடி வீட்டு மாமா
அந்த ரோமர் 8 பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா.

8:06 – நான்
(புகைப்படம்) 17-ஆம் வசனம் மாமா. அம்மா அடியில் கோடு போட்டது.

8:13 – மாடி வீட்டு மாமா
படித்தேன். "உடன் சுதந்தரர்" என்றால் கூட்டுப் பட்டா. கடைசி வரியில் "அவருடனேகூடப் பாடுபட்டால் அப்படியாகும்" என்று நிபந்தனையும் போட்டிருக்கிறது. எழுதியவர் விவரமான ஆள்.