அளவெடுக்கும் கைகள்: கள ஆய்வில் நாங்கள் கண்டவை

தரவுப் பிரிவிலிருந்து

ஒரு பெரிய ஆய்வின் இரத்த அழுத்தத் தரவைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சராசரியைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. கடைசி இலக்கத்தை மட்டும் தனியே பிரித்து எண்ணிய பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. 120, 130, 80, 90 என்று பக்கம் பக்கமாகப் பூஜ்யங்கள். பாதரசக் கருவியில் 2 மி.மீ.க்கு ஒரு கோடு இருக்கும். ஆகவே 0, 2, 4, 6, 8 ஆகிய ஐந்தும் ஏறக்குறைய சம அளவில் வந்திருக்க வேண்டும். சில அளவெடுப்பவர்களின் படிவங்களில் பூஜ்யத்தைத் தவிர வேறு இலக்கமே அரிதாக இருந்தது.

அவர்கள் யாரும் பொய் எழுதவில்லை. பாதரசம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, காதில் ஒலி கேட்கிறது, கண் பக்கத்திலுள்ள முழு எண்ணில் போய் நின்றுவிடுகிறது. ஆனால் 140ஐ எல்லையாக வைத்து உயர் இரத்த அழுத்தம் உண்டா இல்லையா என்று பிரிக்கும்போது, 138 என்பது 140 ஆகிவிட்டால் நலமாக இருப்பவர் நோயாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். இதற்காகவே 1970இல் ரைட், டோர் இருவரும் பூஜ்யத்தை ஒளித்துவைக்கும் கருவி ஒன்றை அமைத்தார்கள். ஒவ்வொரு முறையும் தொடக்கப் புள்ளி தானாக நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்தது என்பதை அளந்து முடித்த பிறகே பார்த்துக் கழிக்க வேண்டும். உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டுகிறது என்ற குறை அதன்மேல் பின்னால் எழுந்தது.

தானியங்கிக் கருவி வந்ததும் பூஜ்யத் தொல்லை ஒழிந்தது உண்மைதான். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் எந்தக் கருவியும் அழுத்தத்தைக் கூட்டித்தான் காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் நீளம் கைச்சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எந்த அளவுப் பட்டை பயன்படுத்தப்பட்டது என்று கேட்கும் கட்டம் இல்லாத படிவத்தை நான் இப்போது ஏற்பதில்லை.

கள மேற்பார்வையாளர் ஒருவர்

குழந்தைகளின் நீளம் அளப்பதைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அதை எளிதான வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு காதுகளையும் உள்ளங்கைகளால் அணைத்து, உச்சந்தலை பலகையைத் தொடும்படி பிடிக்கிறார். மற்றவர் ஒரு கையால் முழங்கால்களை மெல்ல அழுத்தி, மறு கையால் கால்பலகையைப் பாதம் வரை நகர்த்துகிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது, முதுகை வில்லாக வளைக்கிறது, கால்விரல்களை மடக்குகிறது. விரல் மடங்கியிருக்கும்போதே எண்ணைப் படித்துவிட்டால் போயிற்று.

வாசிப்பவர் எண்ணைச் சத்தமாகச் சொன்னால் அடுத்து அளப்பவருக்கும் அதே எண்தான் வரும். இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அதனால் இருவரும் தனித்தனியே அளந்து, தனித்தனித் தாளில் எழுதி, பிறகுதான் ஒப்பிட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல்களுக்காக ஆறு நாடுகளில் நடந்த ஆய்விலும் இந்த முறைதான்: இரண்டு நீளங்களுக்கும் இடையே 7 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. படுத்த நிலையில் எடுக்கும் நீளம், நின்ற உயரத்தைவிடச் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும். அழுகிற குழந்தையைச் சமாளிக்க முடியாமல் நிற்கவைத்து அளந்தால் அதைப் படிவத்தில் குறித்தே ஆக வேண்டும், 0.7ஐக் கூட்டிச் சரிசெய்துகொள்ளலாம். குறிக்காமல் விட்டால் அந்தக் குழந்தை வளர்ச்சி குன்றியதாகக் கணக்கில் ஏறக்கூடும்.

புள்ளியியல் படித்த ஒருவர்

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டு பேரின் அளவுகளுக்கு ஒட்டுறவுக் கெழு (இரு அளவுகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண், அதிகபட்சம் 1) 0.9க்கு மேல் வந்தது என்று காட்டித் திருப்தி அடையாதீர்கள். ஒருவர் எப்போதும் 2 செ.மீ. கூட்டியே எழுதினாலும் கெழு குறையாது. இருவரின் அளவுகளுக்கும் இடையிலான வித்தியாசங்களை வரைந்து பார்க்க வேண்டும் என்று புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இலேயே எழுதிவிட்டார்கள்.

நேர்காணல் எடுப்பவர்

நான் அளப்பது மனச்சோர்வை. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அதிகபட்ச மொத்தம் 27, பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்பது வழக்கமான எல்லை.

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மகனும் மருமகளும் அதே அறையில் இருந்தார்கள். எதைக் கேட்டாலும் "அப்படி ஒன்றும் இல்லை, தாயி" என்றே சொன்னார். ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பது. அதை அவர்கள் முன்னால் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும் என்று பணிவாகச் சொல்லி, அவர்களை வெளியே இருக்கச் செய்து, முதலிலிருந்து மறுபடி கேட்டேன். பதில்கள் மாறின. ஒன்பதாவதுக்கு அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு "சில நாள்" என்றார். அன்றே எங்கள் மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிட்டேன்.

கேள்விகளின் நம்பகத்தன்மையை எத்தனையோ ஆய்வுகள் சோதித்திருக்கின்றன. ஆனால் கேட்கும்போது அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று எழுத எங்கள் படிவத்தில் இடமே இல்லை. நான் ஓரத்தில் கையால் எழுதிவைக்கிறேன். அடுத்த ஆய்வின் படிவத்தில் அதை ஒரு கேள்வியாகவே சேர்க்க வேண்டும் என்று குழுத்தலைவரிடம் கேட்டிருக்கிறேன்.