அப்பாவின் மாரிக் காய்ச்சலும் 504 குளிசைகளும்

வெல்லாவெளி

அப்பாவுக்கு 61 வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தம். போன மாரியில் வயலில் வெள்ளம் கட்டி நின்றபோது வரம்பு வெட்டப் போனவர் குளிர்காய்ச்சலோடு திரும்பினார். எலிக்காய்ச்சலாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தனியார் வைத்தியர் ஒருவர் தந்த சிப்ரோ என்ற கிருமிகொல்லி மருந்தை ஐந்து நாள் குடித்தும் காய்ச்சல் விடவில்லை. ஆறாம் நாள் மூச்செடுக்கவே கஷ்டப்பட்டார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தபோதுதான் நோயின் பெயர் தெரிந்தது: மெலியோய்டோசிஸ். வயல் சேற்றில் வாழும் கிருமி. காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். சீனி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 1912இலேயே ரங்கூனிலிருந்து விற்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இரண்டு வைத்தியர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். தலைமுறையாக வயல் செய்யும் எங்களுக்கு இதன் பெயர்கூடத் தெரியாமல் இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

இரண்டு கிழமை செஃப்டாசிடிம் ஊசி ஏற்றினார்கள். பிறகு வீட்டுக்கு விடும்போது கொட்ரைமொக்சசோல். அப்பாவின் நிறைக்குக் காலையில் மூன்று, இரவில் மூன்று, பன்னிரண்டு கிழமைக்கு. கணக்குப் பார்த்தால் 504 குளிசை. கூடவே தினமும் ஒரு ஃபோலிக் அமிலக் குளிசையும் தந்தார்கள். ஃபோலேட் என்ற விற்றமினைத் தடுக்கும் மருந்தையும் தந்து, அதே விற்றமினான ஃபோலிக் அமிலத்தையும் ஏன் தருகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை. கிளினிக்கில் மருந்து கொடுக்கும் அக்கா பொறுமையாகச் சொன்னார். இந்தக் கிருமி தனக்கு வேண்டிய ஃபோலேட்டைத் தானேதான் சமைத்துக்கொள்ள வேண்டும், வெளியிலிருந்து எடுக்க அதற்கு வழியில்லை. கொட்ரைமொக்சசோலில் இரண்டு மருந்து உண்டு: சல்ஃபாமெதொக்சசோல் அந்தச் சமையலின் ஒரு படியை மறிக்கிறது, டிரைமெதோபிரிம் பிந்திய இன்னொரு படியை மறிக்கிறது. நாங்களோ கீரையிலும் பருப்பிலும் ஃபோலேட்டை ஆயத்தமாகவே எடுக்கிறோம். அதனால் அந்தக் குளிசை அப்பாவின் இரத்தத்தைக் காக்குமே தவிர, கிருமிக்குச் சோறு போடாது.

மூன்றாம் கிழமை இரத்தத்தில் பொட்டாசியம் கூடி 5.8 என்று வந்தது. டிரைமெதோபிரிம் சிறுநீரோடு பொட்டாசியம் போவதைக் குறைக்குமாம். அப்பா பிரஷருக்குக் குடித்த லொசார்ட்டனும் அதைத்தான் செய்யும். போதாததற்கு, உடம்பு தேறட்டும் என்று அம்மா தினமும் பொட்டாசியம் நிறைந்த இளநீர் இரண்டு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இளநீரை நிறுத்தி, பிரஷர் குளிசையையும் மாற்றிய பிறகு இறங்கியது.

ஐந்தாம் கிழமை, "சுகம்தானே, இனி எதுக்கு?" என்று அப்பா மருந்தை விட்டுவிட்டார். அம்மா குளிசை அட்டையை எண்ணிப் பார்த்ததால்தான் பிடிபட்டது. அடங்கிக் கிடந்து திரும்பி வரும் நோய் இது. அன்றைக்கு அம்மா அழுத அழுகையில்தான் அவர் திரும்பக் குடிக்கத் தொடங்கினார்.

காத்தான்குடி

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன், வாப்பாவைப் பத்திரமாகப் பாருங்கள். நான் பார்மசியில் நிற்கிறேன். போன நோன்புக்கு, சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோ வாங்கிப் போன ஒரு உம்மா, நாலு நாளில் அதே எரிவோடு வந்தார். எப்படிக் குடித்தீர்கள் என்று விசாரித்தேன். சஹருக்கு, அதாவது நோன்பு பிடிக்கும் விடியற்சாப்பாட்டுக்குச் சோறு, எருமைத் தயிர், வாழைப்பழம், அதோடு சேர்த்துக் குளிசை. தயிரின் கல்சியம் சிப்ரோவைப் பிடித்துக் கட்டிவிடும், உடம்பில் சேர வேண்டிய அளவு சேராது. இரும்புக் குளிசை, மக்னீசியமோ அலுமினியமோ சேர்ந்த வயிற்றெரிவு மருந்து எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். அவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு, அல்லது ஆறு மணித்தியாலம் பின்பு சிப்ரோ குடிக்க வேண்டும். துண்டில் "நாளுக்கு இரண்டு" என்று மட்டும் எழுதியிருந்தால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? இப்போது பைக்கற்றில் "தயிர், பால் வேண்டாம்" என்று நானே பேனையால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

கல்முனை

என் மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர், 67 வயது. ஆஸ்துமாவுக்கு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குடிப்பவர். நெஞ்சுச் சளிக்கு, சிப்ரோவின் வகையான லீவோஃப்ளொக்சசின் தொடங்கிய நாலாம் நாள் குதிகாலுக்கு மேலே தசைநார் இழுத்துப் பிடித்தது. நடந்தது கூடிவிட்டது என்று தைலம் பூசிக்கொண்டு திரும்பவும் நடந்தார். இந்த வகை மருந்தால் தசைநார் அறுந்துபோகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே கடும் எச்சரிக்கை போடவைத்திருக்கிறது. 60 வயது தாண்டியவர்களும் ஸ்டீரொய்ட் குடிப்பவர்களும்தான் கூடக் கவனம். மாமா இரண்டிலும் அடக்கம். அறுவதற்கு முன்பே டொக்டர் மருந்தை மாற்றிவிட்டார், ஆனாலும் படி இறங்க மூன்று மாதம் எடுத்தது. காலில் நோவு தொடங்கினால் அன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள்.

வெல்லாவெளி

காத்தான்குடி நானா, அப்பாவும் அந்த ஐந்து நாளும் தயிரோடுதான் சிப்ரோ குடித்தார். கிளினிக்கில் கேட்டேன். தயிர் இல்லாவிட்டாலும் இந்தக் கிருமிக்குச் சிப்ரோவை நம்ப முடியாது என்றார்கள். 504ஆவது குளிசையும் முடிந்துவிட்டது. இந்தப் போகத்துக்கு முழங்கால் வரை வரும் இறப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சேற்றில் கால் புதைகிறது என்று முதல் நாளே கழற்றி வரம்பில் வைத்துவிட்டார். நான் போய் நின்று திரும்பவும் போடவைத்தேன்.