கணவர் கார்டில் இருந்து பெயரை எடுக்க விடமாட்டேன் என்கிறார். எனக்கும் மகளுக்கும் தனி ரேஷன் கார்டு கிடைக்குமா?

தையல்மெஷின்:

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் அம்மா வீட்டோடு இருக்கிறேன். கணவரை விட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. விவாகரத்து வழக்கு எதுவும் போடவில்லை, அதற்குக் காசும் இல்லை. மகள் இங்கேதான் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

புது ஸ்மார்ட் கார்டுக்கு ஆன்லைனில் எழுதப் போனால், என் ஆதார் எண்ணைப் போட்டதுமே வேறு அட்டையில் இருக்கிறது என்று நின்றுவிடுகிறது. சரி, பெயரை நீக்கலாம் என்றால் அந்தக் கார்டுக்குப் பதிந்திருப்பது அவருடைய போன் நம்பர். ஓடிபி அவருக்குத்தான் போகும். போன் செய்து கேட்டதற்கு, "பேரு இருக்கற வரைக்கும் நீ இந்த வீட்டுக்காரிதான், வந்து சோறாக்கு" என்கிறார். எங்கள் இருவர் பங்கையும் சேர்த்து அங்கேயே வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கார்டுக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் மாமியார் பெயரில்தான்.

தாலுகா ஆபீஸில் கேட்டேன். குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் கோர்ட் ஆர்டர் கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்கள். ரேஷனில் பாமாயில் 25 ரூபாய், துவரம் பருப்பு 30 ரூபாய். வெளியே வாங்கி மாளவில்லை. அம்மாவுடையது 35 கிலோ கார்டு. அதிலேயே சேர்ந்துவிடலாமா? இரண்டு வீடும் ஒரே தாலுகாதான்.

செல்வா:

அம்மா கார்டில் சேருவதுதான் சுலபம். அதுவரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். அவர் கார்டில் உங்கள் பெயர் இருப்பதால் உங்கள் கைரேகையும் மெஷினில் செல்லும். 2020 அக்டோபரில் இருந்து தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் வாங்கலாம் அல்லவா, மாதம் பிறந்ததும் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்!

இசேவை அக்கா:

செல்வா தம்பி, கைரேகை செல்லும், மறுக்கவில்லை. ஆனால் பில் போட்ட அடுத்த நிமிடம் எஸ்எம்எஸ் அந்த ஆள் போனுக்குப் போகும். அப்புறம் அவர் கடை வாசலுக்கோ வீட்டு வாசலுக்கோ வந்து நின்றால் நீங்களா போய்ப் பேசுவீர்கள்?

தங்கச்சி, நான் இசேவை மையம் நடத்துகிறேன். உன்னை மாதிரி வந்து உட்காருகிற பெண்கள் நிறையப் பேர். முதலில் ஒன்று. அம்மா கார்டில் சேராதே. 35 கிலோ என்றால் அது அந்தியோதயா அட்டை, ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பது. அதில் ஒருவர் இருந்தாலும் ஐந்து பேர் இருந்தாலும் அரிசி அதே 35 கிலோதான். நீங்கள் இருவர் சேர்ந்தால் ஆளுக்கு அரை கிலோ சர்க்கரை கூடும், அவ்வளவே. பருப்பும் எண்ணெயும் கார்டுக்குத்தான் கணக்கு, ஆளுக்கு அல்ல. தனி அரிசிக் கார்டு வாங்கினால் குறைந்தது 12 கிலோ அரிசி, உனக்கென்று பருப்பு, எண்ணெய் எல்லாம் உண்டு. நாளைக்கு உரிமைத் தொகைக்கு எழுதுவதானாலும் மருத்துவக் காப்பீடு எடுப்பதானாலும் உன் பெயரில் கார்டு இருந்தால்தான் பேச முடியும். இன்னொன்று, அம்மா கார்டில் சேரவும் அவர் கார்டில் இருந்து பெயரை நீக்கித்தான் ஆகவேண்டும். ஆக அது ஒன்றும் சுலபம் இல்லை.

இப்போது நீக்கும் விஷயம். விவாகரத்து ஆகாமல் பிரிந்திருக்கும் பெண்ணுக்கு, குடும்பத் தலைவர் சம்மதம் இல்லாமலேயே அதிகாரி விசாரித்துப் பெயரை நீக்கலாம் என்று அரசு வழி விட்டிருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர்கள் பல பேருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். அதனால் வாயால் கேட்காதே, எழுதிக் கொடு. தாலுகாவில் ரேஷன் கார்டு வேலையைப் பார்க்கும் வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு மனு. எப்போதிருந்து பிரிந்திருக்கிறாய், எங்கே இருக்கிறாய், பெயரை நீக்க அவர் மறுக்கிறார், விசாரணை செய்து நீக்கித் தாருங்கள் என்று நாலு வரி போதும். ஏன் பிரிந்தாய் என்ற கதையெல்லாம் அதில் வேண்டாம். ஆதார் நகல், அவர் கார்டின் நகல் (நகல் இல்லையென்றால் கார்டு எண்), மகள் உன்னோடு இருப்பதற்குப் பள்ளியில் வாங்கிய போனஃபைடு, அதாவது அங்கே படிக்கிறாள் என்ற சான்றிதழ். மகளிர் காவல் நிலையத்தில் எப்போதாவது மனு கொடுத்திருந்தால் அந்த ரசீதையும் வை. ஒரு நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதே.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை தாலுகாவுக்கு ஒரு இடத்தில் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும். அங்கே போ. அலுவலரே உட்கார்ந்திருப்பார், கவுன்ட்டரைத் தாண்ட வேண்டிய வேலை இல்லை. அங்கேயும் இழுத்தடித்தால் 1967 என்ற ரேஷன் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் பதிவு செய், இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாள்.

தையல்மெஷின்:

அக்கா, ரொம்ப நன்றி. கோர்ட் ஆர்டர் என்று சொன்னதும் இத்தோடு முடிந்தது என்று இருந்தேன். ஒரு சந்தேகம். தனிக் கார்டு என்றால் வீட்டுக்கு வந்து தனி அடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்களாமே. எங்களுடையது ஒரே வீடு. கேஸ் அம்மா பெயரில். பின்னால் தையல் மெஷின் போட்டிருக்கும் தாழ்வாரம்தான் எனக்கு.

பரணி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஊரில் 3,000 கொடுத்தால் கார்டு கையில் என்று சுற்றுவார்கள். கொடுத்து ஏமாறாதீர்கள். விண்ணப்பத்துக்கு அரசுக்குக் கட்டணமே கிடையாது. இசேவை மையத்தில் போட்டால் அவர்களுடைய சேவைக் கட்டணம் மட்டும்தான்.

இசேவை அக்கா:

பார்ப்பார்கள். அந்தத் தாழ்வாரத்திலேயே சமையலை வைத்துக்கொள். விறகடுப்போ சின்ன ஸ்டவ்வோ, எதுவானாலும் சரி, நாலு பாத்திரம், அரிசி டப்பா, நிஜமாகவே அங்கே சமைத்துச் சாப்பிடு. விசாரணைக்கு வருபவர் பக்கத்து வீட்டிலும் கேட்பார், அதனால் அன்றைக்கு மட்டும் அடுப்பை எடுத்து வைப்பது எடுபடாது. விண்ணப்பத்தில் அம்மாவின் கேஸ் நம்பரைப் போட்டுவிடாதே, அது அம்மா கார்டில் ஏற்கெனவே இருக்கும். இணைப்பு இல்லை என்றே போடு.

பெயர் நீங்கிய பிறகுதான் புது விண்ணப்பம். அட்டை வகை கேட்கும் இடத்தில் அரிசி அட்டை என்று பார்த்துத் தேர்ந்தெடு. அவசரத்தில் அரிசி கிடைக்காத சர்க்கரை அட்டையை அழுத்திவிட்டு மாற்ற அலைபவர்களைத் தினமும் பார்க்கிறேன். போன் நம்பர் உன்னுடையதாக இருக்கட்டும், தம்பி நம்பர், மாமா நம்பர் எல்லாம் வேண்டாம். குறிப்பு எண் வந்ததும் இங்கே போடாமல் எழுதி வைத்துக்கொள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.