தலைப்பக்கம் உயர்த்தினால் அம்மா சறுக்கிக் கீழே வருகிறார். கட்டிலை மாற்ற வேண்டுமா?

காரைதீவு மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. போன கிழமைதான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சாப்பாடு மூக்கு ரியூப்பால். ஊற்றும்போதும், ஊற்றி ஒரு மணித்தியாலம் வரையும் தலை உயர்ந்திருக்க வேண்டும் என்று வாட்டில் மிஸ் சொன்னார். அதற்காகப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வாங்கினோம். காலடியில் ஒரே ஒரு கைப்பிடி, சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும். ஆனால் கால் மணித்தியாலத்தில் அம்மா சறுக்கி, நாடி நெஞ்சில் முட்டக் கிடக்கிறார். நானும் தங்கச்சியும் கக்கத்தில் பிடித்து மேலே இழுக்கிறோம். இன்று உடம்பு துடைக்கும்போது வால் எலும்புக்கு மேல் ஒரு இடம் கறுத்திருந்தது. கரண்ட் கட்டில் வாங்கினால் சரியாகுமா? விலையைக் கேட்டால் பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி, களுவாஞ்சிகுடி:
தங்கச்சி, கட்டில் பிறகு. முதலில் அந்தக் கறுப்பு. விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். நிறம் மாறாமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம்முடைய நிறத்தில் சிவப்பு தெரியாது, அதனால் பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். தோல் உடையவில்லையே என்று விடாமல் நாளைக்கே காட்டுங்கள். அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

சறுக்கும்போது தோல் விரிப்பில் ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் கீழே போகிறது. புண்ணுக்கு அதுவே போதும். கக்கத்தில் பிடித்து இழுப்பதை இன்றோடு விடுங்கள், விழுந்த பக்கத் தோள் கழன்றுவிடும். பழைய சாரம் ஒன்றை மடித்து முதுகுக்குக் கீழே போட்டு, ஊற்றுவதற்கு முன்பே கட்டிலை மட்டமாக்கி, இரண்டு பேரும் சாரத்தைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். இடுப்பு கட்டில் மடியும் இடத்துக்கு நேரே வர வேண்டும்.

உங்களுடையது ஒரு கைப்பிடிக் கட்டில். இரண்டு கைப்பிடி இருந்தால் முழங்கால் பக்கமும் எழும்பும், மூன்றாவது இருந்தால் கட்டிலின் உயரமே கூடிக் குறையும். கரண்ட் கட்டிலிலும் இதே அசைவுகள்தான், கை நோகாது என்பதுதான் வித்தியாசம். வாட்டில் நாங்கள் முதலில் முழங்காலை உயர்த்திவிட்டுத்தான் தலையை உயர்த்துவோம். நீங்கள் தொடைக்குக் கீழே போர்வையைச் சுருட்டி வையுங்கள், அதே பலன் கிடைக்கும். தலை 30 முதல் 45 பாகை வரை போதும், நேராக நிமிர்த்தினால் பாரமெல்லாம் வால் எலும்பில் இறங்கும். மற்ற நேரங்களில் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் திருப்புங்கள்.

அக்கரைப்பற்றுவாசி:
சகோதரி, எங்கள் வாப்பாவுக்குக் கரண்ட் கட்டில்தான் வாங்கினோம். கரண்ட் போன இரவில் தலைப்பக்கம் உயர்ந்தபடியே நின்றுவிட்டது. கையால் இறக்கும் வசதி இல்லாததை வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு, அறைகள் மாறி மாறி ஊதும் காற்று மெத்தை வாங்குவது நல்லது என்பது என் எண்ணம். ஊதிய பிறகு இடுப்புக்கு நேரே மெத்தைக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் முட்டினால் காற்று போதாது. மேலே ஒரு விரிப்பு மட்டும் போடுங்கள். வெறும் றெக்சின் மெத்தை கச்சான் வெக்கைக்கு வியர்த்து ஊறிவிடும்.

காரைதீவு மகள்:
அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவின் இடுப்பு மடிப்புக்கு ஒரு சாண் கீழேதான் இருந்திருக்கிறது. சாரம் போட்டு ஏற்றி, தொடைக்குப் போர்வை வைத்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணித்தியாலமாகியும் சறுக்கவில்லை. கறுப்பை அழுத்தினேன், நிறம் மாறவில்லை. காலையில் ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறோம். குதிக்காலிலும் கொஞ்சம் கறுப்பு மாதிரி இருக்கிறது, அதற்கு என்ன வைக்கலாம்?

ஓய்வுபெற்ற தாதி, களுவாஞ்சிகுடி:
கெண்டைக்காலுக்குக் கீழே நீளவாக்கில் தலையணை. குதிக்கால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். காட்டும்போது அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.