தொழிலகப் பொறியியல் படித்தவர்கள்: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு

பின்னலூர்:
கிண்டியில் தொழிலகப் பொறியியல் முடித்துத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் ஐ.இ. (தொழிலகப் பொறியியல்) பிரிவில் சேர்ந்த புதிதில், ஓவர்லாக் டைலர் ஒருவருக்கு நேரம் எடுக்க, அதாவது ஒரு துண்டைத் தைக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கச் சொன்னார்கள். பக்கவாட்டில் நின்று குறித்துக்கொண்டிருந்தபோது நூல் அறுந்தது; நான் ஸ்டாப்வாட்சை நிறுத்தினேன். இத்தகைய தடங்கல் சுற்று நேரத்தில் (ஒரு துண்டைத் தைக்கும் நேரத்தில்) சேராது, பிறகு அலவன்ஸ் சதவீதமாகவே, அதாவது தடங்கல்களுக்கென்று மொத்தமாகக் கூட்டும் கூடுதல் நேரமாகவே சேரும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அந்த அக்கா லூப்பர் மூடியைத் திறந்து, இடுக்கியால் நூலைக் கோத்தபடி, நிமிராமலே, "தம்பி, நீங்க வாட்ச நிறுத்திப்போட்டீங்க, எனக்கு மணி நிக்குமுங்களா?" என்று கேட்டார். அலவன்ஸை விளக்கினேன். "இந்த மட்டமான நூலுக்கும் அதே கணக்குத்தானுங்களா?" என்றார். சதவீதத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இருக்கவில்லை. அந்தக் கேள்வி இன்றுவரை என்னை உறுத்துகிறது.

மதுரைவாசி:
இது ஸ்டாப்வாட்சால் வரும் சிக்கல் என்பேன். எம்.டி.எம். முறையில் ஒவ்வொரு கையசைவுக்குமான நேரம் அட்டவணையிலேயே இருக்கிறது, அதன் நேர அலகான டி.எம்.யு. ஒன்று என்பது 0.036 வினாடி. யாருடைய வேகத்தையும் பக்கத்தில் நின்று மதிப்பிட வேண்டியதில்லை.

என் அனுபவம் வேறு இடத்தைச் சேர்ந்தது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை மாணவனாகப் பார்க்கச் சென்றிருந்தேன். ஒரு நோயாளிக்கு லென்ஸ் பொருத்தி முடித்த மருத்துவர், அருகிலிருந்த அடுத்த மேசைக்குத் திரும்பினார். அங்கே மற்றொரு நோயாளி ஏற்கெனவே தயாராக இருந்தார். மருத்துவரின் நேரம்தான் அந்த அரங்கின் வேகத்தைத் தீர்மானிக்கும் குறுகிய வழி என்பதையும், மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் அதைச் சுற்றியே அமைந்திருப்பதையும் கண்ணால் கண்ட அன்றுதான் இந்தப் படிப்பின் மீது எனக்குப் பிடிப்பு வந்தது.

வரிசைக்கணக்கு:
வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வில், "இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே 60 பாகங்கள் காத்திருக்கின்றன, 2 நிமிடத்துக்கு ஒன்று வெளியேறுகிறது, இப்போது வந்து சேரும் பாகம் எவ்வளவு நேரம் காத்திருக்கும்?" என்று கேட்டார்கள். காத்திருப்பவற்றின் எண்ணிக்கை, வெளியேறும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம் என்று ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதியைச் சொல்லி, 120 நிமிடம் என்றேன். வேலை கிடைத்தது.

இப்போது படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "இதுவும் மெக்கானிக்கல்தானே?" என்று உறவினர்கள் கேட்பதை வைத்துக் கலங்காதீர்கள். உற்பத்தித் திட்டமிடல், தரக் கட்டுப்பாடு, கிடங்கு, சரக்குப் போக்குவரத்து, விமானப் பணியாளர் அட்டவணை, மருத்துவமனை நிர்வாகம் எனக் கதவுகள் பல இருக்கின்றன. ஆனால் புள்ளியியலையும் செயல்பாட்டு ஆய்வையும் (முடிவெடுக்க உதவும் கணிதத்தையும்) தேர்வுக்காக மட்டும் படித்தவர்கள் முதல் வேலையிலேயே திணறுவதைப் பார்க்கிறேன். நேரியல் நிரலாக்கக் கணக்கு ஒன்றைக் கையால் போட்டுப் பழகிய பிறகு அதையே எக்செல்லின் சால்வரில் செய்து பாருங்கள், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். கற்றுக்கொள்ளுங்கள், விடுமுறைப் பயிற்சிக்கு அலுவலக அறையைத் தவிர்த்து, உற்பத்தித் தளத்தையே கேட்டு வாங்குங்கள்.

தையல்லைன்:
மதுரைவாசி சொல்வதை நான் ஏற்கவில்லை. டி.எம்.யு. அட்டவணை கையசைவுக்கு நேரம் தரும். நூல் அறுவதற்குத் தராது. அங்கேயும் அலவன்ஸ் தனியாகத்தான் சேர்கிறது. ஆகவே அந்த அக்காவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. எங்கள் லைனில் ஒரு டைலர் ஒவ்வொரு முறை நூல் அறுந்தபோதும் மேசை ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். சூப்பர்வைசர் அந்தக் கோடுகளை எண்ணி, நூல் கோனை மாற்றச் சொல்லி ஸ்டோருக்கு எழுதினார். மறுநாள் அந்த இயந்திரத்துக்கு மட்டும் டார்கெட்டைக் குறைத்தார். பின்னலூர், உங்கள் கம்பெனியில் இயந்திர வாரியாக அப்படி ஏதாவது பதிவு வைத்தார்களா?